காணியும் பச்சையும்

நாவல் எழுதுகிறவனுக்குச் செடி கொடிகளின் பெயரெல்லாம் தெரிந்திருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். நம்பட்டும். என் கதைகளில் நந்தவனங்களுக்குக் குறைவே இல்லை. கதாநாயகி தனியாக நின்று கண்ணீர் விடுவதற்கென்றே ஒரு மகிழ மரத்தடியை நான் பல முறை அமைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த மகிழ மரத்தடியில், வெயிலே விழாத தரையில், உண்மையில் என்ன செடி முளைக்கும் என்று எந்த வாசகராவது கேட்டிருந்தால் அன்றைக்கே என் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

கடைசியில் கேட்டே விட்டார் ஒருவர். அவர் வாசகர் அல்ல, கடையத்து நண்பர். என்னைவிட மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் அழைப்பேன். அவர் வீட்டுப் புழக்கடையில் ஒரு பலாவும் இரண்டு மாமரமும் கிளை பின்னிக்கொண்டு நிற்கின்றன. உச்சி வேளையிலும் அங்கே அந்திப் பொழுது மாதிரி இருக்கும். புல் வைத்துப் பார்த்தார், சிவந்து போயிற்று. பூச்செடி வைத்தார், வெளிச்சத்தைத் தேடி ஒட்டகம் மாதிரி கழுத்தை நீட்டிவிட்டுச் செத்தது. மிஞ்சியது சருகும் எறும்பும்.

"தம்பி, நாலு எழுத்துப் படிச்சவன் நீ. தரையோட தரையா, நிழல்லயே கிடந்து வளருத செடியா ஒண்ணு சொல்லேன்" என்றார்.

நான் விழித்தேன். அவர் விடவில்லை. வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் மேற்கே மலை தெரியும். அன்றைக்குச் சாரல் கட்டியிருந்தது. பாதி மலையை மேகம் தின்றுவிட்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் கையை நீட்டி, "அம்புட்டுக் காடும் நிழல்தானே? அதுக்கு அடியில ஏதோ ஒண்ணு வளரத்தானே செய்யுது?" என்றார்.

அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரையின் பாத்திரம் எனக்கு அகப்பட்டது. அரை முழ உயரம்கூட இல்லாத ஒரு செடி. காணிக்காரர்களின் செடி. ஆரோக்கியப் பச்சை என்று பெயர்.

கடையத்தைப் பற்றி வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மகாகவி பாரதியாரின் மாமனார் வீட்டு ஊர். 1918-ஆம் ஆண்டின் கடைசியில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையாகி வந்தவர், செல்லம்மாளின் ஊராகிய இங்கேதான் இரண்டு ஆண்டுக் காலம் இருந்தார். நித்திய கல்யாணி அம்மன் கோயில் பக்கம் போனால் அவர் உலவிய இடங்களை இன்றும் காட்டுகிறார்கள். ஊர் அன்று திருநெல்வேலி ஜில்லா. 2019-ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டம். ராமநதி மேற்கு மலையிலிருந்து இறங்கி வருகிறது. ஊருக்கு வடமேற்கே தோரணமலை. அகத்தியரும் அவருடைய சீடர் தேரையரும் அங்கே மருத்துவம் வளர்த்தார்கள் என்பது ஐதீகம். தெற்கே ஆழ்வார்குறிச்சியைத் தாண்டிப் போனால் பாபநாசம். அதற்கு மேலே முண்டந்துறைக் காடு. அதற்கும் மேலே பொதிகை.

பொதிகைச் சிகரம் 1,868 மீட்டர் உயரம். கிரேக்க பூகோள ஆசிரியர் தாலமி கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் 'பெட்டிகோ' என்று ஒரு மலையைக் குறித்திருக்கிறாரே, அது இதுதான் என்பது பலருடைய முடிவு. தமிழுக்கு இலக்கணம் கண்ட முனிவர் குடியிருந்த மலை என்று நாம் இதைக் கும்பிடுகிறோம். நியாயந்தான். ஆனால் முனிவருக்கு அண்டை வீட்டுக்காரர்கள் யாராவது இருந்தார்களா என்று நாம் கேட்டதில்லை. இருந்திருந்தால் அவர்கள் காணிக்காரர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். அகத்தியரை அவர்களும் தங்கள் தெய்வமாக வணங்குகிறார்கள்.

'காணி' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். தமிழில் அது ஒரு நில அளவு; அதைவிட முக்கியமாக, பரம்பரை உரிமை. காணியாட்சி என்றால் தலைமுறை தலைமுறையாக வரும் நிலவுரிமை. காணிக்காரன் என்றால் அந்த உரிமை உடையவன். பராசக்தியிடம் காணி நிலம் கேட்டு விண்ணப்பம் போட்ட கவிஞர் கடையத்து வீதியில் உலவிக்கொண்டிருந்த நாளில், பெயரிலேயே காணியை வைத்துக்கொண்டிருந்த ஒரு கூட்டம் கண்ணுக்கெட்டிய மலையில் இருந்தது. அவர்களுக்கும் அப்போது காணி இல்லை. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் வந்த பிறகு, காடுகள் ஒவ்வொன்றாகச் சர்க்காரின் காப்புக் காடுகள் ஆயின. உரிமையாளன் என்று பெயர் கொண்டவன் அனுமதி கேட்டு வாழ்கிறவனாகிப் போனான்.

காணிக்காரர்கள் மலைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். மேற்கே பழைய திருவிதாங்கூர், இன்றைய கேரளம். கிழக்கே பாபநாசத்துக்கு மேலே சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி முதலிய குடியிருப்புகள். பேச்சு, தமிழும் மலையாளமும் பிணைந்த பேச்சு. தலைவருக்கு மூட்டுக்காணி என்று பெயர். வைத்தியமும் மந்திரமும் அறிந்தவர் பிலாத்தி. நோய் தீர்க்கும்போது கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசி ஓசை எழுப்பிக்கொண்டு சாற்றுப் பாட்டுப் பாடுவார்கள். 1909-இல் தர்ஸ்டன் துரை ஏழு தொகுதிகளில் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பட்டியல் போட்டபோது இவர்களையும் அதில் சேர்த்திருக்கிறார். திருவிதாங்கூரின் தென் மலைகளில் வாழும் காட்டுக்குடி என்று எழுதினார்.

செடிக்கு வருவோம்.

ஆரோக்கியப் பச்சை வள்ளிக்கிழங்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் அநேகமாக எல்லாம் மரம் கண்டால் ஏறிவிடும் கொடிகள். இதுவோ ஏறாத பிள்ளை. தரைக்குள் வேர்த்தண்டு ஓடும். அதிலிருந்து சின்னச் சின்னத் தண்டுகள் எழும். தண்டுக்கு ஓர் இலை. இலை சில இடத்தில் இதய வடிவம், சில இடத்தில் நீண்ட முக்கோணம். இலையின் அடியிலிருந்தே பூ வருகிறதுபோல் தோன்றும். மயிர் போல் மெல்லிய காம்பு, கறுஞ்சிவப்பு நிறத்தில் சிறு பூ. கனி மூன்று பட்டை. பசுமை மாறாத காட்டில், ஓடைக்கரை ஓரத்தில், மேலே இலைக் கூரை மூடிய இடத்தில் கூட்டம் கூட்டமாகக் கிடக்கும். வெயிலைக் கண்டால் இதற்கு ஆகாது. அண்ணாச்சியின் புழக்கடைக்கென்றே ஆண்டவன் படைத்ததோ என்று எனக்குத் தோன்றியது.

இந்தச் செடிக்குச் சாஸ்திரப் பெயர் வைத்தவர் இதை முளைத்த மண்ணில் பார்த்தவர் அல்லர். கார்ட்னர் என்ற ஜெர்மானியர், கனிகளையும் விதைகளையும் பற்றி எழுதிய தம் பெரிய நூலின் முதல் பாகத்தை 1788-இல் வெளியிட்டார். இலங்கையிலிருந்து கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போன சருகு அவர் மேஜைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு 'டிரைக்கோப்பஸ் ஜெய்லானிக்கஸ்' என்று பெயரிட்டார். 'மயிர்க்கால்' என்று தமிழில் சொல்லலாம்; அந்த மெல்லிய பூங்காம்பு அப்படித் தோன்றியிருக்கிறது. விதைகளையே உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அந்த மனிதர் கண்பார்வையைக் கெடுத்துக்கொண்டார் என்று படித்தபோது எனக்கு அவர்மேல் மரியாதை உண்டாயிற்று.

பிறகு பெடோம் வந்தார். ராணுவ அதிகாரி, 1860 முதல் 1882 வரை சென்னை மாகாண வன இலாகாவின் தலைவர். மேற்குத் தொடர்ச்சி மலையில் இவர் கண்ணுக்குத் தப்பிய செடியோ பாம்போ தவளையோ குறைவு. நம் பக்கத்து மலைச் செடி இலங்கைச் செடியிலிருந்து கொஞ்சம் வேறுபட்டது என்று கண்டு, அதற்குத் திருவிதாங்கூரின் பெயரைச் சூட்டினார். இன்று அது இலங்கை இனத்தின் ஒரு கிளையினமாகக் கணக்கு. இந்தச் செடிக்கு உடன்பிறப்பு உலகத்தில் ஒன்றே ஒன்று. அது இருப்பது மடகாஸ்கர் தீவில். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை என்கிறார்கள். அந்தப் பாகப்பிரிவினையின்போதே உடன்பிறப்புகள் பிரிந்தனவா, பிறகு எப்படியாவது கடல் தாண்டினவா என்பதைத் தாவர சாஸ்திரிகள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆக, 1788-ஆம் ஆண்டிலேயே உலகத்துக்கு இந்தச் செடியின் பெயர் தெரியும். இலை தெரியும், பூ தெரியும், விதையின் உட்பக்கம்கூடத் தெரியும். இது எதற்கு ஆகும் என்பது மட்டும் தெரியாது. அது தெரிவதற்கு இன்னும் 199 ஆண்டுகள் பிடித்தன.

1987-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். பழங்குடி மக்களின் தாவர அறிவைத் திரட்டுவதற்காக மத்திய சர்க்கார் ஏற்படுத்திய ஓர் ஆராய்ச்சித் திட்டம் இருந்தது. அதன் தலைவர் டாக்டர் புஷ்பாங்கதன் தம் குழுவுடன் கேரளப் பக்கத்திலிருந்து அகத்தியர் மலையில் ஏறினார். வழிகாட்டிகளாகக் காணிக்காரர்கள் சிலர் கூடப் போனார்கள். மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி என்ற பெயர்கள் பிற்பாடு பிரசித்தமாயின. செங்குத்தான ஏற்றம். படித்தவர்களுக்கு நாக்கு வறண்டது, கால் பின்னியது. வழிகாட்டிகளோ சோறு தண்ணீர் பற்றிக் கவலைப்படாமல், அவ்வப்போது ஏதோ சிறு கனியை வாயில் போட்டு மென்றுகொண்டு, சாயங்காலமும் காலையில் இருந்த மாதிரியே நடந்தார்கள். களைத்துக் கிடந்தவர்களுக்கும் அதில் கொஞ்சம் கொடுத்தார்கள். தின்றவர்களுக்குப் புதுத் தெம்பு வந்தது.

என்ன கனி இது என்று கேட்டார்கள். வழிகாட்டிகள் சொல்லவில்லை.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நிற்க ஆசைப்படுகிறேன். பசித்தவனுக்குக் கனியைக் கொடுத்துவிட்டான். பெயரை மட்டும் கொடுக்கவில்லை. நம்மில் எத்தனை பேர் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறோம்! பெயரையும் குணத்தையும் உபதேசமாக அள்ளி வழங்குவோம், பண்டத்தை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்வோம். காணிக்காரர்களுக்கு அந்தச் செடி குலத்தின் ரகசியம். வெளியாருக்குச் சொல்லக் கூடாதது. அந்த அறிவைத் தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று விஞ்ஞானிகள் பலவாறு உறுதி கூறிய பிறகுதான் செடியைக் காட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. சோதனைச் சாலையில் எலிகளுக்கு மருந்தைக் கொடுத்து நீந்த விட்டுப் பார்த்தார்கள். மருந்து உண்ட எலிகள் மற்றவற்றைவிட அதிக நேரம் நீந்தின. பத்திரிகைகள் 'கேரளத்தின் ஜின்செங்' என்று கொண்டாடின. டாக்டர் புஷ்பாங்கதன், திருவனந்தபுரத்துக்கு அருகே பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநரானார். கனியில் மட்டுமல்ல, இலையிலும் சத்து இருப்பதை அங்கே கண்டார்கள். அதோடு அமுக்கிரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகிய மூன்றையும் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்து உருவாயிற்று. 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மஸி அதைத் தயாரிக்கும் உரிமையை ஏழு ஆண்டுகளுக்கு வாங்கிக்கொண்டது. உரிமைத் தொகை 10 லட்சம் ரூபாய். அதற்கு மேல் விற்பனையில் 2 சதவிகிதம்.

இதில் பாதி காணிக்காரர்களுக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது.

அந்த முடிவின் பெருமையைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. 1992-இல் ரியோ மாநாட்டில் உலக நாடுகள் கூடி, உயிர்வளத்தால் வரும் பயன் அதைக் காத்து வந்தவர்களுக்கும் சேர வேண்டும் என்று கொள்கையளவில் ஒப்புக்கொண்டிருந்தன. ஆனால் நம் தேசத்தில் அதற்கான உயிரியல் பன்மைச் சட்டம் வந்தது 2002-இல்தான். சட்டம் வருவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, கொடு என்று யாரும் கட்டாயப்படுத்தாதபோதே, ஒரு சர்க்கார் நிறுவனம் தன் வருமானத்தில் பாதியை மலைவாசிகளுக்கு எடுத்து வைத்தது. உலகமெங்கும் இதை முன்மாதிரி என்று எழுதினார்கள். 2002-இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் டாக்டர் புஷ்பாங்கதனுக்கு ஐக்கிய நாட்டுச் சபையின் 'ஈக்குவேட்டர்' பரிசு கிடைத்தது.

ஆனாலும் பாதி என்று எடுத்து வைப்பது சுலபம். அதை யார் கையில் கொடுப்பது என்பது சங்கடம். காணிக்காரர்கள் காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் ஊர்கள். 1997-இல் 'கேரள காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட்' என்று ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. 1999-இல் ஐந்து லட்சத்துச் சொச்சம் ரூபாய் அதன் கணக்கில் சேர்ந்தது. ஆனால் மருந்து உரிமையை விற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் நிறுவனமும் கம்பெனியுந்தான். காணிக்காரர் எவரும் அதில் ஒரு தரப்பு அல்லர். மேலும், பிலாத்திகள் ஒன்பது பேர் 1995-ஆம் ஆண்டிலேயே கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். தங்கள் அறிவைத் தனியார் கம்பெனிகளுக்கு விற்பதை அவர்கள் ஆட்சேபித்தார்கள். சொல்லக் கூடாததைச் சொன்னவர்கள் இளைஞர்கள். அதைக் காக்கும் பொறுப்பில் இருந்தவர்கள் இவர்கள். ஒரு குலத்தின் ரகசியத்தை விற்கும் உரிமை அந்தக் குலத்தில் யாருக்கு? பத்து லட்சத்தில் பாதி எவ்வளவு என்ற கணக்கைப்போல் இது லேசான கணக்கு அல்ல.

மருந்துக்கு இலை வேண்டுமே? காணிக்காரர்களே தங்கள் குடியிருப்புகளில் பயிரிட்டார்கள். கம்பெனி வாங்கத் தயாராக இருந்தது. வன இலாகா குறுக்கே நின்றது. பயிரிட்ட இலை என்ற பெயரில் காட்டுச் செடியையே வேரோடு பிடுங்கி விற்றுவிடுவார்கள் என்பது அதன் பயம். பயத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. மலைச் சூழலை விட்டு வெளியே நட்டால் செடி வளர்ந்தாலும் மருந்துச் சத்து குன்றிப்போகிறது என்ற செய்தி வேறு வந்தது. ஆகக் காட்டில்தான் வளர்க்க வேண்டும். காட்டிலிருந்து எடுக்கவும் கூடாது! விற்பனை எதிர்பார்த்தபடி பெருகாததில் ஆச்சரியம் என்ன? இதற்கிடையில் அமெரிக்காவில் ஒரு கம்பெனி 'ஜீவனி' என்ற பெயரையே தன் வியாபாரக் குறியாக்கிக்கொள்ளப் பார்த்தது.

இவ்வளவையும் அண்ணாச்சியிடம் ஒரு சாயங்காலம் சொல்லி முடித்தேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டவர், "அதெல்லாம் அந்தப் பக்கத்துச் சங்கதி. நம்ம பக்கத்துக் காணிக்காரங்களுக்கு என்ன குடுத்தாங்க?" என்றார்.

அறக்கட்டளையின் பெயரிலேயே விடை இருக்கிறது. கேரளக் காணி. மலையின் நீர் எந்தப் பக்கம் விழுகிறதோ அதை வைத்து வெள்ளைக்காரன் காலத்திலேயே ஒரு கோடு இருந்தது. மேற்கே திருவிதாங்கூர் மகாராஜா, கிழக்கே திருநெல்வேலி கலெக்டர். 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது செங்கோட்டை இந்தப் பக்கம் வந்தது. பொதிகை முகட்டுக் கோடு அப்படியே நின்றது. செடி அந்தக் கோட்டைப் பார்த்து வளரவில்லை; கிழக்குச் சரிவின் காட்டு ஓடைகளிலும் அது இருக்கிறது. காணிக்காரர்களும் பார்த்து வாழவில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். பணம் மட்டும் கோட்டைக் கண்டதும் நின்றுவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்த அநியாயம் என்று இதைச் சொல்ல மாட்டேன். திருவனந்தபுரத்து நிறுவனம், திருவனந்தபுரத்து அறக்கட்டளை. எழுதும்போது யாருக்கும் மலைக்கு மறுபுறம் நினைவுக்கு வரவில்லை. மறப்பதற்குக் கெட்ட எண்ணம் வேண்டுமா என்ன!

மறு வாரம் பாபநாசத்துக்குப் போனேன். கோயிலுக்குத்தான், ஆனால் மனத்தில் செடியும் இருந்தது, ஒளிப்பானேன்? மலையிலிருந்து மிளகும் தேனும் கொண்டுவந்திருந்த ஒரு பெரியவரைக் கடை வாசலில் சந்தித்தேன். காணிக்காரர் என்று கடைக்காரர் சொன்னார். தேன் வாங்கினேன். பேச்சு வளர்ந்தது. மழை, யானை, பேரன் படிப்பு எல்லாம் பேசினோம். கடைசியில் ஆரோக்கியப் பச்சை என்ற பெயரை எடுத்தேன்.

அவர் என் செருப்பைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஐயாவுக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்டார்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஒரு நண்பர் வீட்டுத் தோட்டத்தில் நிழலில் வைக்க வேர் கிடைக்குமா என்று கேட்டேன். கேட்டபோதே என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. 1788-இல் சருகாகக் கொண்டுபோனார்கள், 1987-இல் ரகசியமாகக் கொண்டுபோனார்கள், இப்போது அழகுக்கு ஒரு வேர் வேண்டும் என்று நான் வந்து நிற்கிறேன்.

"சீக்கு இருந்தாச் சொல்லுங்க, பாக்கலாம்" என்றார் பெரியவர். "சும்மா வைக்கிறதுக்கு அது எதுக்கு?"

அவ்வளவுதான். தேன் புட்டிக்குத் துணி கட்டிக் கொடுத்துவிட்டுப் பேருந்துக்குப் போய்விட்டார். வேரைக் கேட்டிருக்கவும் கூடாது. முண்டந்துறையும் களக்காடும் 1988 முதல் புலிகள் காப்பகம். அங்கே ஒரு புல்லைப் பிடுங்கினாலும் குற்றம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு விளைபொருள்களின் மேல் உரிமையைக் காட்டில் வாழ்கிறவர்களுக்குத்தான் திருப்பித் தந்திருக்கிறது. காகிதத்தில் இருக்கும் அந்த உரிமை எந்தெந்தக் குடியிருப்புக்கு எவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது என்பது தனிக் கதை. இன்னொரு நாள் எழுத வேண்டும்.

கடையத்துக்குத் திரும்பிய அன்று அண்ணாச்சி வாசலிலேயே நின்றார். "கிடைச்சுதா?" என்றார். தேன் புட்டியைக் கொடுத்தேன்.

இரண்டு நாள் அவருக்கு என்மேல் வருத்தம். மூன்றாம் நாள் அவர் வீட்டு மதனி யாரையும் கேட்காமல் வாய்க்கால் கரையிலிருந்து ஒரு கூடை வல்லாரையைப் பிடுங்கி வந்து, குளியலறைத் தண்ணீர் ஓடும் பக்கமாகப் பலாமரத்து நிழலில் ஊன்றிவிட்டார். சாரல் நின்றபோது அது தரை தெரியாமல் படர்ந்திருந்தது. இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் வல்லாரைத் துவையல் என்று அண்ணாச்சி கடிதம் எழுதியிருக்கிறார்.